படகு இறங்காத நாள்

1

விமான நிலையத்தில் இந்த முறையும் வெளிநாட்டவர் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் யோகா கற்றுக்கொள்ள வந்த ஒரு வெள்ளைக்காரர். பின்னால் கோயில்களைப் படம் பிடிக்க வந்த ஒரு தம்பதி. நடுவில் சிட்லபாக்கத்தில் பிறந்து வளர்ந்த நான். அதிகாரி என் ஜெர்மன் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?" என்று கேட்டார். சுற்றுலா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த சொல் "அம்மா." அவர் நிமிர்ந்து பார்த்தார், முத்திரையைக் குத்தினார், "போயிட்டு வாங்கம்மா" என்று தமிழில் சொன்னார்.

வரும் வியாழக்கிழமை அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். நவம்பர் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எங்கள் தெருவில் அவரவர் வாசலில் நின்றுகொண்டு தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று ஆரூடம் சொல்கிறார்கள். ஏரிக்கரை நடைபாதையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் குடையோடு நடக்கிறார்கள். போன வருடத்துக்கு முந்தைய வருடம் வரை அப்பாவும் அவர்களில் ஒருவர்.

வந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்.

"பியூலா, தர்ஸ்டே ப்ரேயரை நீதான் லீட் பண்ணணும். பாஸ்டர் நானே பண்றேன்னார். நான் வேணாம்னுட்டேன். அப்பாவுக்கு இருக்கிறது நீ ஒருத்திதானே."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் ஓராண்டாக ஜெபம் செய்யவில்லை. இது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா போன பிறகு அம்மா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். இங்கே மாலை ஏழு மணிக்கு அவள் ஹாலில் தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்வாள். அந்த நேரத்துக்கு ஜெர்மனியில், ஆபீஸில் என் மேசையில், நானும் கண்ணை மூட வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண மாதிரி இருக்கும்." அவள் அதை நம்பித்தான் இந்த வருடத்தை ஓட்டியிருக்கிறாள். நானும் தவறாமல் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளே ஒன்றுமே இல்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத் திறந்துகொள்வேன்.

வியாழக்கிழமை அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து பேச வேண்டும். வார்த்தை வராவிட்டால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவளுடைய அந்த ஏழு மணியும் போய்விடும். அதுதான் எனக்குப் பயம்.

2

இதைச் சொல்ல வேண்டுமானால் கன்னியம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நானும் கணவரும் மகளும் இருப்பது தெற்கு ஜெர்மனியில், டான்யூப் நதிக்கரையில் ஒரு நடுத்தர ஊர். போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் ஓர் ஆசியக் கடை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மீன் உறைபெட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"இன்னாடா இது, செத்து ஒரு வர்சம் ஆயிருக்கும் போல கீது. இதுக்குப் பேரு வஞ்சிரமா?"

யாரோடும் பேசவில்லை. மீனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி, கையில் கல்லாகிப்போன மீன் துண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்தப் பாஷையைக் காதால் கேட்டு எத்தனை வருடமாகியிருந்தது!

"நீங்க மெட்ராஸா?" என்று கேட்டேன்.

"ஐயோ, தமிழா நீங்க! கோவளம் பக்கம்க்கா. நீங்க?"

"சிட்லபாக்கம்."

"தாம்பரத்தாண்டயா? எங்கம்மா கேம்ப் ரோட்லாம் கூடைல மீன் வித்துகினு வரும்க்கா. உங்க வூட்டுக்குக் கூட குட்த்துருக்கும்!"

அம்மா கேம்ப் ரோட்டில் மீன் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம். அதை நாங்கள் ஆராயவில்லை. கோவளத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான். ஆனால் ஊரில் இருந்தவரை இவளைப் போன்ற ஒருத்தியோடு நான் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. எங்கள் உலகம் பள்ளிக்கூடம், சர்ச், சர்ச் ஆட்கள். அவர்கள் உலகம் கடல், மீன், எல்லையம்மன் கோயில். கடல் கடந்து வந்து உறைபெட்டி முன்னால்தான் நாங்கள் அறிமுகமாக வேண்டும் என்று இருந்திருக்கிறது.

கன்னியம்மா நர்ஸ். மீன்கூடை சுமந்த அம்மா படிக்கவைத்த பெண். அந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு வந்திருந்தாள். ஜெர்மன் தேர்வெல்லாம் நல்ல மதிப்பெண்ணில் தேறியவள்தான். ஆனாலும் தலைமை மருத்துவரையே 'நீ' போட்டுக் கூப்பிட்டுவிடுவாள். மெட்ராஸ் பாஷைக்காரிக்கு எந்த மொழியில் போனாலும் மரியாதைப் பன்மை ஒட்டாது போலிருக்கிறது. அந்த மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. இவள் லீவில் போனால் எப்போது திரும்புவாள் என்று அவர்தான் முதலில் கேட்பாராம்.

3

நான் கணக்கு வாத்தியார் மகள். அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. பிழைப்பும் அப்படியே அமைந்தது. இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

அதனால் கன்னியம்மா முதல்முறை மீன் குழம்பு கொண்டுவந்தபோது, பாத்திரத்தைக் கழுவி அதில் கேக் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம்தானே. ஆனால் நான் அதே வாரத்தில், அதே அளவுக்குத் திருப்புவேன். அவள் இரண்டு தடவை கொண்டுவந்து நான் ஒரு தடவைதான் கொடுத்திருந்தால் எனக்கு உறுத்தும். கொஞ்ச நாளில் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, கணக்குத் தீத்துட்டியா? இனிமே நான் வரலாமா, வேணாமா?"

ஆண்டவரிடமும் நான் அப்படித்தான் இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் சரியாகக் கொடுப்பேன், மாதம் ஒரு முறை நடக்கும் தமிழ் ஆராதனைக்குத் தவறாமல் போவேன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் இனிப்பை விடுவேன். பதிலுக்கு இது, இது வேண்டும் என்று கேட்பேன். கிடைத்தால் ஸ்தோத்திரம்.

நகராட்சி அலுவலகத்தில் அவள் முகவரி பதிவதற்குத் துணையாகப் போனேன். விண்ணப்பத்தில் மதம் என்று ஓர் இடம் இருந்தது. எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குப் பிரச்சினையில்லை, சர்ச்சுக்கென்று தனி வரியே பிடிப்பார்கள். கன்னியம்மாவைக் கேட்டார்கள். "எல்லையம்மன்" என்றாள். நான் 'இந்து' என்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மையாரின் கணினியில் அதுவும் இல்லை. 'மற்றவை' என்று போட்டுவிட்டார்.

வெளியே வந்து வெகுநேரம் சிரித்தாள். "எங்க ஆத்தா மத்தவையாம்க்கா! அது காதுல வுழுந்தா இன்னா ஆவும்!"

மாசி மகத்தன்று அவள் ஊரில் எல்லாச் சாமிகளும் கடலுக்கு வந்து இறங்குவார்கள். இங்கே கடல் இல்லை. "ஆறு கீது இல்ல? எல்லாத் தண்ணியும் கடலுக்குத் தான போவுது" என்று டான்யூப் கரைக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் போனேன். ஒரு கிண்ணத்தில் மஞ்சள், குங்குமம், இன்னொன்றில் சுண்டல், கையில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பூங்கொத்து. குளிர் எலும்பைக் கடித்தது. நான் சற்றுத் தள்ளி, அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் சர்ச் ஆட்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற யோசனை எனக்கு இல்லாமல் இல்லை.

அவள் பூவை இதழ் இதழாகப் பிய்த்து ஆற்றில் விட்டாள். அளந்தெல்லாம் போடவில்லை. ஒரு முதியவர் நாயோடு வந்து, ஆற்றில் பொருட்களைப் போடுவது விதிமீறல் என்று கண்டித்தார். கன்னியம்மா அவர் கையில் ஒரு பிடி சுண்டலை வைத்தாள். அவர் திகைத்துப்போய் ஒன்றை வாயில் போட்டார், பிறகு எல்லாவற்றையும் தின்றார்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"வேண்டிக்கலயே. வந்தேன்னு சொன்னேன். அவ்ளோ தான்."

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் இந்தக் குளிரில் எதற்கு வர வேண்டும்?

4

வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்ல நேற்று தாம்பரம் போனேன். மழையில் ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடு. ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"எந்த ஊரு மேடம்?"

"இந்த ஊருதான்."

"பாத்தா அப்டி தெரிலயே. பேக்க மடில வச்சிக்காம பக்கத்துல வச்சிகினு வர்ற. இங்க இருக்கறவங்க அப்டி வக்க மாட்டாங்க."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோடு பெருங்களத்தூர் வரை நகராமல் நின்றுகிடப்பதாக அவர் புலம்பினார். ஸ்டேஷன் பக்கம் அப்பா கால் வைத்து நடந்த இடமெல்லாம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. அப்பா இறந்த வருத்தத்தைவிட, அவரை அடக்கம் செய்த குழியில் நான் ஒரு பிடி மண் போடவில்லை என்ற வருத்தம்தான் எனக்குப் பெரிது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

5

போன வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். "வா, வா, ஒண்ணும் அவசரமில்லை" என்று அவர் போனில் சொன்னார். ஆண்டவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸ் வரை அப்பா இருக்க வேண்டும். மற்றதெல்லாம் உம்முடைய சித்தம்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு வேளையில், அம்மா கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாங்க பியூலா."

அப்போதுதான் நான் ஜெர்மன் குடியுரிமை வாங்கியிருந்தேன். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தாகிவிட்டது. புதுக் கடவுச்சீட்டில் விசா இல்லை. விசா அலுவலகத்துக்குப் போன் செய்தால், திங்கட்கிழமை திறக்கும் என்று பதிவுசெய்த குரல் மரியாதையாகச் சொன்னது. நான் பிறந்த வீட்டுக்குப் போக எனக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு வார இறுதி விடுமுறை.

சிட்லபாக்கத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "கரண்ட் போய்ப் போய் வருது. ஐஸ் பெட்டியை நம்ப முடியலை. நாளைக்கே எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சரின்னுட்டேன்மா. நீ மனசைத் தேத்திக்கோ" என்றாள் அம்மா. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமையில் அவளை வைத்துவிட்டேனே என்று அழுதேன்.

கன்னியம்மாவுக்கு என் மகள் ஹன்னா செய்தி அனுப்பியிருக்கிறாள். மாலையே வந்துவிட்டாள். சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்து வார்டு தலைவியைக் கூப்பிட்டாள். துக்க விடுப்பு வேண்டும் என்றாள். இறந்தது யார் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அக்காவுடைய அப்பா என்றாள். அப்படியென்றால் உன் அப்பாதானே என்று அவர்கள் குழம்பினார்கள். இல்லை, அக்கா சொந்தமில்லை என்றாள். சொந்தமில்லாத அக்காவுடைய அப்பாவுக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் விடுப்பு கிடையாது. "அப்போ என் சொந்த லீவுல எடுத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நீ வேலைக்குப் போ கன்னி. நான் சமாளிச்சுக்குவேன்" என்றேன்.

"எங்கூர்ல ஒரு சாவு வுழுந்தா அன்னிக்கு ஒரு போட்டும் கடல்ல எறங்காதுக்கா. செத்தது யாரு, சொந்தமா பகையான்னு கேக்க மாட்டாங்க. அன்னிக்கு மீனு எவ்ளோ கரைக்கு வந்தாலும் சரி, போட்டு கரைல தான் கெடக்கும். எல்லா ஆம்பளையும் சாவு வூட்டு வாசல்ல வந்து குந்திகினு இருப்பாங்க. சும்மா தான். பேச கூட மாட்டாங்க." சற்று நிறுத்தி, "இந்த ஊர்ல நம்ப ஆளுன்னு நான் ஒருத்தி தான கீறேன். நானும் எறங்கிட்டா எப்டி?" என்றாள்.

மறுநாள் அடக்கத்தைப் போனில் பார்த்தேன். சர்ச் ஆள் ஒருவர் குடைக்கு அடியிலிருந்து காட்டினார். பாதித் திரையில் குடை, மீதியில் மழை. பெட்டியை இறக்கும்போது இணைப்பு அறுந்துவிட்டது. கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இணைப்பு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று மாலை அம்மா கூப்பிட்டாள். குரலில் ஓர் ஆச்சரியம் இருந்தது.

"பியூலா, யாரோ தேசம்மான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. உன் ஃப்ரெண்டோட அம்மாவாம். தெருவில முழங்கால் தண்ணி, ஆட்டோ வரமாட்டேன்னுட்டானாம். மாலையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்திருக்காங்க. காலையிலேர்ந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காங்க. நீதான் அனுப்பினியா?"

நான் அனுப்பவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

தேசம்மா அக்கா ஒரு வாரம் அங்கேயே தங்கினார். இரவில் அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாராம். கன்னியம்மாவும் அப்படியே அந்த வாரமும் அதற்கு மறு வாரமும் என் வீட்டிலேயே இருந்தாள்.

6

கிறிஸ்துமஸுக்கு விசா வாங்கிப் போய்க் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தேன். கேட்டது கிடைக்கவில்லை என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டை போடவும் பேச்சு வேண்டுமே. பேச்சு நின்றுபோயிருந்தது. திரும்பி வந்து தமிழ் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கணவரிடம் முதுகுவலி என்றேன். கன்னியம்மாவிடம் அந்தப் பொய் எடுபடவில்லை.

"இன்னாக்கா, சாமி கும்புடறத வுட்டுட்டியா?"

"முடியலை கன்னி. வரமாட்டேங்குது."

"சரி, வுடு."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த மாத ஆராதனை முடிந்ததும் எனக்குப் போன் மேல் போன். ஒரு புதிய சகோதரி வந்திருக்கிறாராம், பொட்டு வைத்துக்கொண்டு வந்தாராம், என் வழக்கமான இடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாராம், கடைசிவரை எழுந்து போகவில்லையாம். ஓர் ஆத்துமா ஆதாயமாயிற்று என்று எல்லோருக்கும் பூரிப்பு. மூன்றாவது மாதம் சபை மூப்பர் ஒருவர் அவளிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டுவிட்டார்.

"நான் அக்காவுக்குப் பதிலா வந்து கீறேன் சார். அக்கா வந்துட்டா நான் எழுந்து குட்த்துருவேன்" என்றாளாம்.

அவளைக் கூப்பிட்டு, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"உன் எடம் காலியா கெடந்தா வேற யார்னா குந்திக்குவாங்க. நீ வர்ற வரைக்கும் புட்ச்சி வக்கிறேன்."

"உனக்கு அங்கே என்ன புரியுது?"

"உங்கப்பா பேரச் சொல்லிட்டு வர்றேன். அம்மா பேரச் சொல்றேன். பாட்டு நல்லா கீது."

இதற்கிடையில் ஹன்னா வேறு. பதினாறு வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போனேன், வேதாகமத்தை வைத்து நல்ல தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எதற்கும் ஜெர்மனில்தான் பதில். இப்போது தமிழ் பேசுகிறாள். "ஸ்கூல் ஒரே பேஜார்மா" என்கிறாள். "இன்னா சமையல்?" என்கிறாள். அப்பா கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அது இனிக்கிறது. எந்தத் தமிழானால் என்ன, என் பிள்ளை என்னிடம் பேசுகிறாள்.

தை மாதத்தில் கன்னியம்மாவின் ஒரே தம்பிக்குக் கல்யாணம். அவள் போகவில்லை. "லீவு கெடைக்கலக்கா" என்றாள். அன்று முழுவதும் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து போனில் கல்யாணம் பார்த்தாள். தாலி கட்டும்போது எழுந்து நின்றாள். உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மனசாட்சியே இல்லையா என்று நான் பொரிந்து தள்ளினேன். அவள் டீ போட எழுந்து போனாள்.

7

வியாழக்கிழமை மாலைதான் ஜெபம். தேசம்மா அக்கா காலையிலேயே வந்துவிட்டார். போனில் பலமுறை பேசியிருந்தாலும் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஒடிசலான உடம்பு, மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி, கையில் ஒரு பெரிய தூக்கு.

"வாத்தியாருக்கு நெத்திலின்னா உசுராமே, வாத்தியாரம்மா சொல்ச்சி. அதான் காலைல கரைக்கு வந்தத வாங்கியாந்தேன்" என்று சமையலறைக்குள் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

"கன்னி தம்பி கல்யாணத்துக்கு வரமுடியாமப் போச்சே அக்கா. அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு இன்னும் கோபம்" என்றேன்.

"அவங்க இன்னாம்மா செய்வாங்க? அதுக்குன்னு சேத்து வச்சிருந்த லீவத் தான் உங்கப்பா சாவுக்கு எட்த்துகிச்சே. கல்யாணம் குறிச்சதும் போயி கேட்டுச்சாம். இருக்கறத தீத்துட்ட, இப்ப ஆளு இல்லன்னுட்டாங்களாம். ஒரே தம்பி. வூட்ல எல்லாரும் ஒரு பாட்டம் அழுதோம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, சொல்ட்டனே! சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினு இருந்துச்சிம்மா!"

"ஏன் அக்கா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அக்கா அத்த எப்டியாச்சும் திருப்பிக் குடுக்கணும்னு வர்சம் பூரா அலையும்னுச்சி. அதுக்குக் குடுக்கத் தெரியும், வாங்கிக்கத் தெரியாதும்மா, பாவம், வுட்டுடுன்னுச்சி."

வெங்காயம் இருந்ததால் அழுவதற்குச் சாக்கு தேட வேண்டியிருக்கவில்லை. கணக்கு வாத்தியார் மகள் நான். எடுத்த லீவையும் கிடைக்காத லீவையும் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சின்னக் கூட்டல் எனக்கு ஒரு வருடமாக வரவில்லை. அடுத்த கணமே பழைய புத்தி கிளம்பியது. என்ன செய்யலாம், எப்படி ஈடுகட்டலாம்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரே தம்பியின் கல்யாணத்தை எதைக் கொடுத்து நான் திருப்ப முடியும்? முடியாது. இதைத் திருப்பவே முடியாது. வாங்கிக்கொள்ளத்தான் முடியும். அதை ஒப்புக்கொண்டபோது நெஞ்சில் எதுவோ இறங்கி உட்கார்ந்தது. கிருபை, கிருபை என்று சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன். செய்த வேலைக்குக் கூலியாக வருவது என்றே அதையும் நினைத்திருந்தேன்.

மாலையில் பாஸ்டர் வந்தார், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், சர்ச்சிலிருந்து சிலர் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. தேசம்மா அக்கா கதவோரம் தரையில் உட்காரப் போனார். அம்மா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்தாள். கீர்த்தனை பாடினார்கள். பாஸ்டர் ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாகப் பேசிவிட்டு, "இப்போது சகோதரி பியூலா ஜெபிப்பார்கள்" என்றார்.

எழுந்து நின்று கண்ணை மூடினேன். வழக்கமாகத் தொடங்கும் வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. மழைச் சத்தம் மட்டும். யாரோ செருமினார்கள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மூடிய கண்ணுக்கே தெரிந்தது. அப்போது தெருவில் முழங்கால் தண்ணீரில் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வருவது தோன்றியது. நான் பார்க்காத காட்சி. ஆனால் நன்றாகத் தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, என்னால வரமுடியாத வீட்டுக்கு நீர் வந்தீர். மழையிலே, தண்ணியிலே நடந்து வந்தீர். அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தீர். அங்கே என் சமையலறையில், என் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தீர். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தீர். நான் காலியாக விட்ட இடத்தில் நீரே வந்து உட்கார்ந்தீர். எனக்கு அடையாளம் தெரியலை. நான் உம்மை வேறு எங்கேயோ தேடிக்கிட்டிருந்தேன். நான் கேட்டது கிடைக்கலைன்னுதான் இருந்தேன். கேட்காததெல்லாம் வந்தது. திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணுமில்லை. வாங்கிக்கிறேன். வாங்கிக்கிறேன் ஆண்டவரே."

அதற்கு மேல் முடியவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மாவின் ஆமென் தனியாகக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது தேசம்மா அக்கா அம்மாவின் காதருகே குனிந்திருந்தார். அவர் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யாரோ மழைல வந்தாங்கன்னு சொல்து பொண்ணு. அன்னிக்கி நான் தான வாத்தியாரம்மா வந்தேன்?"

அம்மா அவர் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆமா தேசம்மா," என்றாள், "நீதான் வந்தே."